காண்டலும் உரையும்: இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக் கால மலையேற்ற ஒளிப்படங்களின் சான்றுத்தன்மை

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் உயர்மலைப் பயணங்களில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் வரைபடத்திற்கு மூலமாகவும், உச்சியை அடைந்ததற்குச் சான்றாகவும், நகரமக்களுக்குக் காட்சிப்பொருளாகவும் ஒருசேரப் பயன்பட்டன. விட்டோரியோ செல்லாவின் காரகோரம் படங்கள் (1909), பிரடெரிக் குக் வெளியிட்ட தெனாலி உச்சிப்படம் (1906), எவரெஸ்ட் பயணங்களின் படங்கள் (1921–1924) ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒளிப்படம் எப்போது சான்றாகிறது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. படம் தன்னளவில் சான்றாவதில்லை. எங்கிருந்து, எப்போது, எக்கருவியால், யாருடைய உழைப்பால் எடுக்கப்பட்டது என்னும் விவரங்களோடு சேரும்போதே அது சான்றாகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மலையேற்ற ஒளிப்படம், ஒளிப்பட அளவை, விட்டோரியோ செல்லா, எவரெஸ்ட், சான்றுத்தன்மை, மறுபடப்பிடிப்பு

முன்னுரை

அறிவு பிறக்கும் வழிகளைத் தமிழ்த் தத்துவ மரபு ‘அளவை’ என்னும் சொல்லால் குறிக்கிறது. மணிமேகலை பல சமயத்தார் கொண்ட அளவைகளைத் தொகுத்துக் கூறுகிறது. சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. நேரே காண்பது காண்டல். கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூற்றை ஏற்பது உரை. நிலத்தை அளக்கும் செயலையும் ‘அளவை’ என்றே தமிழ் வழங்குகிறது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஆய்வுப்பொருள்களுள் ஒன்று மலையேற்ற ஒளிப்படம்.

ஒளிப்படத்தைப் பார்ப்பவர் அதைக் காண்டலாகவே கொள்கிறார். பனிமூடிய சிகரம் கண்முன் நிற்பதால் ஐயம் எழுவதில்லை. ஆயினும் அச்சிகரத்தைக் கண்டவர் படம் எடுத்தவரே. பார்ப்பவர்க்குக் கிடைப்பது ஒரு கூற்று, அதாவது உரை. இடத்தின் பெயர், உயரம், நாள் ஆகியன படத்துக்குள் இல்லை. அடிக்குறிப்பிலும் நாட்குறிப்பிலுமே உள்ளன. அவ்வுரையை ஏற்பதா மறுப்பதா என்பதைக் கருதலே முடிவு செய்ய வேண்டும். சென்று சரிபார்ப்பது பெரும்பாலோர்க்கு இயலாத உயர்மலைகளில் இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது.

1. கண்ணாடித் தகடும் சுமையும்

மலையேற்றப் படங்கள் பெருகியமைக்கு முதற்காரணம் உலர்தகட்டின் வருகையாகும். அதற்கு முந்தைய ஈரத்தகட்டு முறையில், தகட்டில் ஒளியுணர் பூச்சைப் பூசி, அது உலரும்முன் படம் எடுத்து, உடனே உருத்துலக்க வேண்டியிருந்தது. ஆகவே இருட்டறைக் கூடாரமும் வேதிப்பொருள்களும் படப்பிடிப்பு நடக்கும் இடத்திற்கே சென்றாக வேண்டும். 1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் முன்மொழிந்த ஜெலட்டின் உலர்தகட்டு முறை இக்கட்டாயத்தை நீக்கியது. தகடுகளை முன்னரே ஆயத்தம் செய்து கொண்டுசென்று, எடுத்தபின் பல வாரங்கள் கழித்தும் உருத்துலக்க முடிந்தது.

எனினும் சுமை குறையவில்லை. விட்டோரியோ செல்லா 1880களில் ஆல்ப்ஸ் மலைகளில் 30×40 சென்டிமீட்டர் அளவுள்ள தகடுகளைப் பயன்படுத்தினார். இத்தகைய கண்ணாடித் தகடு 2 மில்லிமீட்டர் தடிப்புடையது எனக் கொண்டால், கண்ணாடியின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும்போது ஒன்றின் எடை சுமார் 600 கிராம் ஆகும். நூறு தகடுகள் 60 கிலோகிராம். பெட்டி, கருவி, முக்காலி ஆகியவற்றைச் சேர்த்தால் அது பலர் சுமக்க வேண்டிய எடை. ஆகவே தகட்டின் அளவும் எண்ணிக்கையும் அழகியல் தேர்வாக மட்டும் அமையவில்லை; எத்தனை முதுகுகள் கிடைக்கும் என்னும் கணக்கும் அதில் அடங்கியிருந்தது.

பூச்சின் தன்மையும் படத்தின் தோற்றத்தை மாற்றியது. அக்காலத்துச் சாதாரணப் பூச்சுகள் நீல ஒளியை மிகுதியாகவும், மஞ்சள், சிவப்பு ஒளிகளை மிகக் குறைவாகவும் பதிவு செய்தன. நீலவானம் வெளுத்துப்போய்ப் பனிச்சிகரத்தின் விளிம்பு அதில் கரைந்துவிடும். பச்சை, மஞ்சள் ஒளிகளையும் உணரும் தகடுகளும் மஞ்சள் வடிகட்டியும் இக்குறையைத் தணித்தன. படத்தில் காணும் கருவானமும் வெண்சிகரமும் மலையின் இயல்பு மட்டுமல்ல. வேதியியலும் வடிகட்டியும் கூடி விளைவித்தவை.

2. செல்லா: ஒரே படத்தில் காட்சியும் அளவையும்

வட இத்தாலியின் பியெல்லா நகரில் பிறந்த விட்டோரியோ செல்லா (1859–1943) ஒளிப்படமும் மலையேற்றமும் கலந்த குடும்பச் சூழலில் வளர்ந்தவர். தந்தை ஜூசெப்பே வெனான்சியோ செல்லா இத்தாலிய மொழியில் ஒளிப்படக்கலை நூலொன்றை 1856இல் வெளியிட்டவர். சிறிய தந்தை குவின்டினோ செல்லா இத்தாலிய ஆல்ப்ஸ் மன்றம் 1863இல் தோன்றக் காரணமானவர். செல்லா காக்கசஸ் மலைகளுக்கு மும்முறை சென்றார். 1897இல் அலாஸ்காவின் செயின்ட் எலியாஸ் மலைக்கும், 1899இல் டக்ளஸ் பிரெஷ்பீல்டுடன் கஞ்சன்ஜங்காவைச் சுற்றியும், 1906இல் ஆப்பிரிக்காவின் ருவென்சோரிக்கும் பயணம் செய்தார்.

1909இல் அப்ருசி கோமகன் தலைமையில் கே-2 சிகரத்துக்குச் சென்ற குழுவில் செல்லா ஒளிப்படக்காரராக இடம்பெற்றார். கே-2 என்னும் பெயரே ஓர் அளவைக் குறியீடு. 1856இல் நில அளவையாளர் மாண்ட்கொமரி தொலைவிலிருந்து கண்ட காரகோரம் சிகரங்களுக்கு இட்ட வரிசை எண்களுள் அது ஒன்று. கோமகனின் குழு தென்கிழக்கு முகட்டில் சற்றே ஏறித் திரும்பியது. பின்னர்ச் சோகோலிசா சிகரத்தில் சுமார் 7,500 மீட்டர் வரை ஏறிற்று. 1922 வரை மனிதர் ஏறிய மிகுந்த உயரம் அதுவே. எனினும் இரு சிகரங்களின் உச்சியும் எட்டப்படவில்லை.

உச்சியை எட்டாத அப்பயணம் நிலைபெற்றது அதன் பதிவுகளால்தான். செல்லா முக்காலியைச் சமநிலைப்படுத்தி, கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் படியுமாறு தொடர்படங்கள் எடுத்தார். அவற்றை இணைத்தபோது பால்தோரோ பனியாறும் அதைச் சூழ்ந்த சிகரங்களும் அகன்ற ஒற்றைக் காட்சியாக விரிந்தன. குழுவிலிருந்த பெடரிகோ நெக்ரோட்டோ ஒளிப்படங்களின் துணையோடு அப்பகுதியின் வரைபடத்தை உருவாக்கினார். பயண வரலாற்றை மருத்துவர் பிலிப்போ டி பிலிப்பி எழுதினார். எழுத்து, வரைபடம், படம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும் நிலையில் அமைந்தன. கோமகன் தேர்ந்த முகடு இன்று அவர் பெயராலேயே அப்ருசி முகடு என வழங்குகிறது. 1954இல் கே-2 முதன்முறையாக ஏறப்பட்டதும் அவ்வழியேதான்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் செல்லாவைப் பெரிதும் போற்றியவர். கலைஞர்கள் செல்லாவின் படங்களில் அழகைக் கண்டனர். மலையேறுவோர் வழியைக் கண்டனர். அளவையாளர் கோணங்களைக் கண்டனர். நின்ற இடம் அறியக்கூடியதாக இருந்தமையே இம்மூன்று வாசிப்புகளையும் இயலச்செய்தது.

3. குக்: உரை பொய்த்த இடம்

நின்ற இடம் மறைக்கப்படுமாயின் என்ன நேரும் என்பதற்குப் பிரடெரிக் குக் வெளியிட்ட படம் எடுத்துக்காட்டாகிறது. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான தெனாலியின் (6,190 மீட்டர்) உச்சியை 1906 செப்டம்பரில் எட்டியதாகக் குக் அறிவித்தார். அக்காலத்தில் அச்சிகரம் மெக்கின்லி எனப்பட்டது. உடன்சென்ற எட் பாரில் கொடியுடன் ஒரு பாறை முனையில் நிற்கும் படம் அதற்குச் சான்றாக வெளியிடப்பட்டது. 1908இல் குக்கின் நூலிலும் அப்படம் இடம்பெற்றது.

படத்தில் போலியான பொருள் ஏதுமில்லை. பாறை, பனி, மனிதன், கொடி அனைத்தும் உண்மையே. பொய் அடிக்குறிப்பில் இருந்தது. 1909இல் பாரில் தாங்கள் உச்சியை எட்டவில்லை என உறுதிமொழி அளித்தார். அவ்வாண்டில் குக்கின் வடதுருவ உரிமைக்கோரலும் பூசலுக்குள்ளாகியிருந்ததால், ஓர் உரைக்கு எதிராக மற்றோர் உரை என்ற அளவிலேயே வழக்கு நின்றது. 1910இல் பெல்மோர் பிரௌனும் ஹெர்ஷல் பார்க்கரும் அப்பகுதிக்குச் சென்று, படத்தின் பாறை விவரங்களை நிலத்தோடு ஒப்பிட்டு, அந்த முனையைக் கண்டுபிடித்துத் தாமும் படம் எடுத்தனர். அது உச்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், 1,600 மீட்டர் அளவே உயரமுள்ள சிறு முனை. இன்றும் அதற்குப் ‘போலிச் சிகரம்’ என்றே பெயர். பின்னர்ப் பிராட்போர்டு வாஷ்பர்ன் பல பத்தாண்டுகள் முயன்று, குக்கின் 1906ஆம் ஆண்டுப் படங்களுள் பெரும்பாலானவை எடுக்கப்பட்ட இடங்களை அடையாளம் கண்டார்.

பொய்யைச் சொல்லப் பயன்பட்ட படமே அப்பொய்யை வெளிப்படுத்தவும் பயன்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. எழுத்தில் மட்டும் அமைந்த உரைக்கு இவ்வாய்ப்புக் குறைவு. எடுத்தவர் கவனிக்காத பாறை வெடிப்பையும் தகடு பதிவு செய்துவிடுகிறது. எடுத்தவரின் நோக்கத்தை மீறிய இம்மிகுதியே கருதலுக்கு இடமளிக்கிறது. தெனாலியின் உண்மையான உச்சி 1913 ஜூன் 7 அன்று எட்டப்பட்டது. அங்கு முதலில் கால்வைத்தவர் தாய்வழியில் அலாஸ்காவின் பழங்குடியைச் சேர்ந்த வால்டர் ஹார்ப்பர்.

4. எவரெஸ்ட் 1921: படத்திலிருந்து வரைபடம்

1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய முக்கோண அளவையின் நீட்சியாகவே எவரெஸ்ட் உலகின் மிக உயர்ந்த சிகரமென்று கண்டறியப்பட்டது. ஆனால் தொலைவிலிருந்து அளக்கப்பட்ட அச்சிகரத்தை நெருங்கும் வழி 1921 வரை அறியப்படவில்லை. அவ்வாண்டு சார்லஸ் ஹோவர்டு-பரி தலைமையில் திபெத் வழியாகச் சென்ற ஆய்வுக்குழுவுடன் இந்திய நில அளவைத் துறையின் பிரிவும் சென்றது. அதில் ஹென்றி மோர்ஸ்ஹெட், எட்வர்டு ஆலிவர் வீலர் ஆகிய அதிகாரிகளோடு லால்பீர் சிங் தாப்பா, குஜ்ஜர் சிங், துருபாஸ் கான் ஆகிய அளவையாளர்களும், அப்துல் ஜலீல் கான் என்னும் ஒளிப்படக்காரரும் இடம்பெற்றனர்.

வீலர் கனடாவில் வளர்ந்த ஒளிப்பட அளவை முறையைக் கையாண்டார். அங்கு எடுவார்டு டெவில் 1880களில் ராக்கி மலைகளை அளக்க இம்முறையை அமைத்திருந்தார். வீலரின் தந்தையும் அம்முறையில் தேர்ந்தவர். இதன் அடிப்படை எளியது. குவியத் தொலைவு அறியப்பட்ட கருவியைச் சமநிலையில் வைத்து எடுத்த படத்தில், நடுக்கோட்டிலிருந்து ஒரு சிகரம் விலகியுள்ள தொலைவைக் கொண்டு அதன் திசைக்கோணத்தைக் கணக்கிடலாம். குவியத் தொலைவு 150 மில்லிமீட்டர், விலகல் 30 மில்லிமீட்டர் எனின் விகிதம் 0.2, கோணம் சுமார் 11.3 பாகை. இடமறிந்த வேறொரு நிலையிலிருந்து எடுத்த படத்திலும் அச்சிகரத்தின் கோணத்தைக் கண்டு இரு கோடுகளையும் வரைந்தால் அவை வெட்டும் புள்ளியே சிகரத்தின் இடம். மேகம் விலகும் சில நிமிடங்களில் படம் எடுத்துவிட்டால், வரைதலைப் பின்னர் அறையில் அமர்ந்து செய்யலாம்.

இம்முறையின் பயன் விரைவிலேயே தெரிந்தது. ஜார்ஜ் மல்லோரியும் கய் புல்லக்கும் வடகணவாய்க்குச் செல்லும் வழியைத் தேடியபோது, ரோங்புக் பனியாற்றின் கிழக்குப் பக்கத்தில் வந்து கலக்கும் சிற்றோடையைப் பெரிதாகக் கருதவில்லை. அவ்வோடையின் மேற்புறத்தில் கிழக்கு ரோங்புக் பனியாறு நீண்டு கிடப்பதை வீலரின் வரைவு காட்டியது. 1922, 1924 பயணங்கள் அவ்வழியே சென்றன. அதே 1921இல் மல்லோரி தம் கருவியில் தகடுகளை முன்பின் மாற்றிப் பொருத்தியதால் அரிதின் முயன்று எடுத்த படங்கள் பல வீணாயின. அவ்விடங்களுக்கு மீண்டும் சென்று படம் எடுக்க நேர்ந்தது. இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடும்போது, மலையைக் கண்டிருப்பது வேறு, கண்டதைப் பிறர்க்குச் சான்றாக்குவது வேறு என்பது புலனாகிறது.

5. எவரெஸ்ட் 1924: இருக்கும் படமும் இல்லாத படமும்

1924 ஜூன் 4 அன்று எட்வர்டு நார்ட்டனும் ஹோவர்டு சாமர்வெல்லும் உயிர்வளிக் கருவியின்றி ஏறினர். தொண்டைக் கோளாற்றால் சாமர்வெல் நின்றுவிட, நார்ட்டன் 28,126 அடி (8,573 மீட்டர்) வரை சென்று திரும்பினார். அப்பாறைச் சரிவில் நார்ட்டன் தனித்துச் செல்லும் காட்சியைச் சாமர்வெல் படம் எடுத்தார். அதுவரை அவ்வளவு உயரத்தில் எவரும் படம் எடுத்ததில்லை. எடுத்தவர், எடுக்கப்பட்டவர், நாள், இடம் ஆகிய அனைத்தும் தெரிந்த படம் அது. 1922ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின்னர்ச் சாமர்வெல் தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியேற்றிருந்தார். இன்று குமரி மாவட்டத்திலுள்ள அவ்வூரில் அவர் நெடுங்காலம் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றினார்.

நான்கு நாள்களுக்குப் பின், ஜூன் 8 அன்று மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சியை நோக்கிச் சென்று திரும்பவில்லை. அவர்களை இறுதியாகக் கண்டவர் நோயல் ஓடல். நண்பகலுக்குப் பின் மேகம் சற்றே விலகியபோது முகட்டில் இருவர் ஏறக் கண்டதாக அவர் கூறினார். அவர்கள் முகட்டின் எப்படியில் நின்றனர் என்பது குறித்து அவர் கூற்றே பிற்காலத்தில் மாறியது. மல்லோரி சாமர்வெல்லின் சிறிய மடிப்புக் கேமராவை எடுத்துச் சென்றதாக மலையேற்ற வரலாறு குறிக்கிறது. 1999இல் மல்லோரியின் உடல் கிடைத்தபோது கேமரா கிடைக்கவில்லை. அவ்விருவரும் உச்சியை எட்டினரா என்னும் நூற்றாண்டு வினா, கிடைக்காத ஒரு படச்சுருளை நோக்கியே நிற்கிறது. உரை மட்டும் எஞ்சி, அதைச் சோதிக்கும் பொருள் இல்லாத நிலை இது.

அதே பயணத்தில் ஜான் நோயல் தொலைவில்லை பொருத்திய திரைப்படக் கருவியால் ஏறுவோரைப் பதிவு செய்தார். படஉரிமைக்காக அவர் 8,000 பவுண்டு அளித்திருந்தார். பயணச் செலவுக்கு அத்தொகை பெரிதும் உதவியது. படம் முதலீட்டுக்குரிய பொருளானதும் அதைக் காட்டும் முறையும் மாறிற்று. இலண்டனில் நோயலின் திரைப்படத்துடன் திபெத்தியத் துறவியர் மேடையில் ஆடல் நிகழ்த்தினர். அதையும் திபெத்திய மக்களைச் சித்திரித்த சில காட்சிகளையும் திபெத் அரசு கண்டித்தது. பிற காரணங்களும் சேர, 1933 வரை எவரெஸ்டுக்கு அடுத்த பயணம் நிகழவில்லை. படம் எடுக்கப்பட்டோரும் படத்தைப் பார்த்து மறுப்புரைக்கக்கூடும் என்பதை மலையேற்ற உலகம் அப்போது அறிந்துகொண்டது.

6. சட்டகத்துக்கு வெளியே

‘மனிதர் தீண்டாத மலை’ என்னும் தோற்றம் பெருந்தொகையான மனித உழைப்பால் உருவானது. நார்ட்டனின் படத்தில் தெரிபவர் ஒருவர். அவ்வுயரத்தில் படம் எடுக்க முடிந்ததற்குக் காரணம், முதல்நாள் சுமார் 26,800 அடியில் ஆறாம் முகாமுக்குரிய சுமைகளைக் கொண்டுசேர்த்த நோர்பு யிஷே, லக்பா செடி, செம்சும்பி ஆகிய மூவர். அவர்கள் பெயர் பயண நூலில் உள்ளது. படத்தில் அவர்கள் இல்லை. 1922 ஜூன் 7 அன்று வடகணவாய்ச் சரிவில் பனிச்சரிவில் இறந்த எழுவரும் சுமையாளர்களே. பனிவெளிப் படங்களில் சிகரத்தின் பருமையை உணர்த்தும் அளவுகோலாகச் சிறு மனித உருவங்கள் பல நிற்கின்றன. சிகரத்துக்குப் பெயரும் உயரமும் தரும் அடிக்குறிப்பு அவ்வுருவங்களைப் பெரும்பாலும் பெயரின்றி விடுகிறது.

இது அறம் சார்ந்த குறை மட்டுமன்று. சான்று சார்ந்த குறையுமாகும். கருவியை யார் சுமந்தார், எவ்விடம் வரை சுமக்க முடிந்தது, எங்குச் சுமை இறக்கப்பட்டது என்பவையே படம் எடுத்த நிலைகளைத் தீர்மானித்தன. அவர்களை விடுத்துப் படத்தின் தோற்றத்தை முழுமையாக விளக்க இயலாது.

7. மறுபடப்பிடிப்பு: நூறாண்டுக்குப் பின் ஒரு சாட்சி

அக்காலப் படங்களுக்கு இன்று புதிய பயனொன்று வாய்த்துள்ளது. பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று மீண்டும் படம் எடுத்து ஒப்பிடுவதால் பனியாறுகளின் மாற்றத்தை அறிய முடிகிறது. 2007இல் டேவிட் பிரெஷியர்ஸ், மல்லோரி 1921இல் ரோங்புக் பனியாற்றைப் பதிவு செய்த இடத்திலிருந்து மீண்டும் படம் எடுத்தார். பழைய படத்தில் உயர்ந்து நின்ற பனிக்கட்டிகள் புதிய படத்தில் பெரிதும் தாழ்ந்து மறைந்திருந்தன. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராக்கி மலைகளின் பழைய அளவைப் படங்களைக் கொண்டு இதே பணியை மேற்கொண்டு வருகின்றனர். இத்தாலியரான பாபியானோ வென்டுரா 2009இல் காரகோரத்தில் செல்லாவின் நிலைகளைத் தேடிச் சென்றார். காரகோரத்தின் பனியாறுகள் பல, இமயத்தின் பிற பகுதிகளைப் போல் விரைந்து சுருங்கவில்லை என்பது பனியாற்றியலார் முடிவு. இரு பகுதிகளுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைக் கண்ணால் ஒப்பிட இப்படங்கள் துணைசெய்கின்றன.

ஆயினும் இரு படங்களைப் பக்கம் பக்கமாக வைப்பதால் மட்டும் முடிவு கிடைத்துவிடாது. எடுத்த மாதம் வேறாயின் பருவப் பனியின் அளவு மாறும்; நின்ற உயரம் சற்று மாறினாலும் பனியாற்றின் விளிம்பு இடம்பெயர்ந்தது போல் தோன்றும். குக்கின் பாறை முனையைக் கண்டறிய உதவிய அதே ஒப்பீட்டு ஒழுங்கு இங்கும் தேவைப்படுகிறது. நாளும் நிலையும் குறிக்கப்பட்ட படமே காலநிலை ஆய்வில் பயன்படும். குறிப்பு இழந்த படம், எவ்வளவு அழகியதாயினும், சுவரில் மாட்டும் காட்சியாகவே எஞ்சும்.

முடிவுரை

செல்லாவின் தொடர்படங்கள், குக்கின் ஒற்றைப் படம், வீலரின் அளவைத் தகடுகள், சாமர்வெல் எடுத்த நார்ட்டன் படம் ஆகிய நான்கும் ஒளியும் வேதிப்பூச்சும் சேர்ந்து தந்த பதிவுகளே. அவற்றின் சான்றுமதிப்பு வேறுபடுவது அவற்றைச் சூழ்ந்த உரையாலும், அவ்வுரையைச் சோதிக்கக் கிடைக்கும் வாய்ப்பாலும்தான். ஒளிப்படம் காண்டல் போலத் தோன்றும் உரை. கருதலால் சோதிக்கப்பட்ட பின்னரே அது அளவையாகிறது.

இம்முடிவு ஆவணக்காப்பகப் பணிக்கு நேரடியாகப் பொருந்துவது. பழைய தகடுகளை மின்வடிவாக்கும்போது உருவம் மட்டும் காக்கப்பட்டு, உறையில் எழுதிய எண்ணும் நாட்குறிப்பின் தொடர்பும் கைவிடப்பட்டால் படத்தின் சான்றுத்தன்மையே கைவிடப்படுகிறது. அட்டவணையில் சிகரத்தின் பெயரோடு நின்ற இடம், நாள், வில்லை ஆகியவையும், கருவியைச் சுமந்தோரின் பெயர்கள் கிடைக்குமிடத்து அவையும் சேர்க்கப்பட வேண்டும். உருகும் பனியாற்றின் பழைய விளிம்பு நிலத்தில் மீண்டும் காணக் கிடைப்பதில்லை. அது எங்கிருந்தது என்பதை இனிச் சொல்லக்கூடியவை இத்தகடுகளும் அவற்றின் குறிப்புகளுமே.